சிவப்பு மூடி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஐயா. கடற்கரை விடுதியில் எலெக்ட்ரீஷியன் வேலை பிடித்துப்போனதே அதனால்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் அங்கே எனக்கு வேலை. குடியிருப்பும் விடுதி வளாகத்துக்குள்ளேயே.

என் மனைவிக்குத்தான் என்னைப் பிடிக்காமல் போயிற்று. நான் குடிக்கிறவன் இல்லை, கைநீட்டுகிறவனும் இல்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்பதுதான் அவள் குறை.

"உங்ககூடப் பேசுறதுக்கு மீட்டர் பெட்டிகூடப் பேசலாம். அதுவாவது உர்ருனு சத்தம் போடும்" என்பாள்.

ஒருநாள் காலை, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியோடு கிளம்பிவிட்டாள். விடுதி வாசலில் நின்றுவிட்டாள். மழைநீர்க் கால்வாய் நிறைய ஆமைக்குஞ்சுகள். மணலைவிட்டு வெளியே வந்ததும், வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று அவை நடக்கும். எங்கள் தோட்டத்து விளக்குகள் கடலைவிட வெளிச்சம். பாதிக் குஞ்சுகள் காய்ந்து செத்திருந்தன.

உயிரோடு இருந்தவற்றை அள்ளிக் கடலில் விட்டோம். மற்றவற்றைப் புதைத்தோம். அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதாள். பெட்டி மறுபடி பரண் ஏறியது.

"விளக்குக்கெல்லாம் சிவப்பு மூடி போடுங்களேன். சிவப்பு அதுங்க கண்ணுக்கு அவ்வளவா தெரியாதாம்" என்றாள்.

அவள் கண்ணெதிரிலேயே மாட்டினேன். மறுநாள் ஒரு குஞ்சும் வரவில்லை. அவளுக்குச் சந்தோஷம். தேநீரைத் தனியாகக் குடித்துவிட்டுப் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால், அவள் தூங்கியதும் மூடிகளைக் கழற்றுவேன். விடியுமுன் மாட்டிவிடுவேன். முட்டை பொரியும் காலம் முழுக்க இதே வேலை.

"மூடி போட்டும் ஏங்க வருதுங்க?"

"அதுங்க தலையெழுத்து. நீ அழாதே."

கூடையை நான்தான் பிடித்துக்கொள்வேன். அந்தக் காலைகளில் நாங்கள் பேசிய அளவுக்குக் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை. குஞ்சுகள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

நேற்று ஏணிமேல் நிற்கையில் பார்த்துவிட்டாள். என் கையில் மூடி.

"அப்போ எல்லாம் நீங்கதானா?"

"உனக்காகத்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. நேரே உங்கள் வனத்துறை அலுவலகத்துக்கு வந்து புகார் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, ஐயா. இன்று ராத்திரி அந்த மூடிகளை யாரையாவது விட்டுக் கழற்றச் சொல்லுங்கள். இரக்கமுள்ளவள் அவள். குஞ்சுகள் வந்து கிடந்தால் திரும்பி வந்துவிடுவாள்.