கெணத்துல வுட்ட ஆமை

ஆமைதான் சார். கூடைய தொறந்து பாருங்க, கடிக்காது. இங்க ஆடு, மாடு, கோழிதான் பாப்பாங்கன்னு வெளிய சீட்டு எய்தற ஆளு சொன்னாரு. நான் இன்னா பண்றது, மனுசனுக்கு பாக்கற ஆஸ்பத்திரிக்கா இத்த தூக்கினு போவ முடியும்? திருமுல்லவாயல்லர்ந்து மடியில வெச்சிகினு வரேன். பஸ்ஸுல பக்கத்துல குந்தினு இருந்த அம்மா கூடைக்குள்ள எட்டிப் பாத்துச்சு. எயுந்து போயி ஆவடி வரிக்கும் நின்னுகினே வந்துச்சு.

சீட்டுல கீற பேரா? துலுக்கானம். ஆமை பேரு இல்ல சார், எங்கூட்டுக்காரர் பேரு. நான் நாகவல்லி. முன்னெல்லாம் புருசன் பேர வாயால சொல்ல மாட்டேன். இப்போ சொல்லலாம், தப்பில்ல. முந்தாநேத்துதான் பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சிது. நீங்க இன்னாத்துக்கு சார் எயுந்துக்கறீங்க, குந்துங்க, இத்த பாருங்க.

மூக்குல நொர நொரயா வருது. வாயத் தொறந்து தொறந்து மூச்சு வுடுது. கீர, தக்காளி, வெள்ளரிக்கா, எத்த வெச்சாலும் மோந்துகூட பாக்கல. பக்கத்து ஊட்டு பொன்னியம்மா மஞ்சத்தூளு கொயப்பி மூக்குல தடவுன்னா. தடவினேன். சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு கட்டி கூடை மேல தொங்க வுட்டுகீறேன். ஒண்ணும் கேக்கல.

எத்தினி நாளாவா? பதினெட்டு நாளு. ஆமா சார், அன்னிலர்ந்துதான்.

மூணு வருசமா எங்கூட்லதான் கீது. அவுருக்கு அண்ணனூர் ரயில் செட்டுல வேல. தண்டவாளத்து ஓரமா முள்ளுல மாட்டினு இருந்துச்சுன்னு டிபன் பையில போட்டு எடுத்தாந்தாரு. ஊட்ல ஆமை இருந்தா குடும்பம் வெளங்காதுன்னு தெருவே சொல்லிச்சு. அவுரு கேட்டாத்தான? டூட்டி முடிஞ்சி வந்தா சட்டகூட கயட்டமாட்டாரு, இதுக்கு கீர கிள்ளி போட்டாத்தான் அவுருக்கு காபி எறங்கும். எனக்கு பத்திகினு வரும்.

போன மாசந்தான் எம் பொண்ண பாக்க பூந்தமல்லிலர்ந்து வந்தாங்க. நல்ல எடம், பையன் லேத்து பட்டறையில வேல. இவ காபி தட்ட எடுத்துகினு வரா, இது பாட்டுக்கு கட்டிலுக்கு அடிலர்ந்து கெளம்பி அவங்க எல்லாருக்கும் நடுவுல நடந்து போவுது. மாப்ளயோட அம்மா காபிய தொடவே இல்ல. எயுந்துட்டாங்க.

தண்ணில வுயுந்துச்சாவா? ஏன் சார் கேக்கறீங்க? நெஞ்சுல தண்ணி பூந்துகீதா?

சொல்றேன். பொன்னியம்மாதான் சொன்னா, ஊட்லதான் வெச்சிக்க கூடாது, கெணத்துல வுட்டா நல்லது, பூச்சி புழுவெல்லாம் துன்னு தண்ணிய சுத்தமா வெச்சிக்கும்னு. எங்க பக்கம் நெறைய கெணத்துல ஆமை வுட்டுகீறாங்க சார். ஆமைன்னா தண்ணில கெடக்குற ஜீவன்னுதான் நானும் நெனச்சேன். வாளியில வெச்சி மெதுவாதான் எறக்கினேன். தூக்கி போடல.

அவுரு வந்து கேட்டாரு, சொன்னேன். அடிப்பாவி, இது தரையில மேயற ஆமைடி, நீந்த தெரியாது இதுக்குன்னாரு. வாளி கயித்த புடிச்சிகினு சட்டையோட எறங்கிட்டாரு. அவுருக்கும் நீச்சல் அவ்ளோவா வராது. முங்கி இத்த எடுத்து வாளியில போட்டு, இஸ்துக்கோன்னாரு. இஸ்துகினேன். ஆடாம அசையாம கெடந்துச்சு.

மேல ஏறும்போது பாசி வயுக்கி வுயுந்துட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகீறேன். போலீஸு கேட்டப்பவும் அதான் சொன்னேன். ஆமைதான் அவர துன்னுடிச்சுன்றாங்க தெருவுல. எம் பொண்ணும் இத்த எங்கனா கொண்டும்போயி வுட்டுடும்மான்றா. எனக்கு இது பொயச்சாவணும் சார். இதுக்காவத்தான் எறங்கினாரு. இதுவும் பூட்டுச்சுன்னா அவுரு எறங்கினதுக்கே அர்த்தம் இல்லாம பூடும்.

ஊசியா? போடுங்க. கால நான் இஸ்து புடிச்சிகீறேன், ஒதறாது. இத்தினி தபா இத்த தொட்டதே இல்ல சார் நான், அவுரு இருந்த வரிக்கும். இப்போ என் கைக்கு பயகிடுச்சு. டெய்லி ஊசின்னாலும் டெய்லி எடுத்தாரேன்.

வேற இன்னா நடந்துச்சாவா?

கயிறு மேல வந்துடுச்சே சார், வாளியோட. கயிறு போடு நாகூன்னு ரெண்டு தபா கூப்ட்டாரு. காதுல வுயுந்துச்சு. பொண்ணுக்கு வந்த எடம் போச்சேன்னு இவுருக்கு வராத கோவம், இந்த ஆமைக்கு வருதேன்னு எனக்கு ஆத்தரம். கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னுட்டு உள்ள போயி சோத்த வடிச்சேன். வடிச்சிட்டு வந்துதான் சார் கயிறு போட்டேன். கீயருந்து யாரும் புடிக்கல.