மூன்றாம் மாடிக் கமரா

பழுது என்று என்னிடம் வரும் கணினிகளில் பாதிக்கு மேல் பழுது எதுவும் இருப்பதில்லை. தூசி இருக்கும், வயர் தளர்ந்திருக்கும். கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்காற்றுப் படும் வீடுகளில் உப்புப் பிடித்து யூஎஸ்பி துளைகள் கறுத்துப் போயிருக்கும். துடைத்துக் கொடுத்தால் வேலை செய்யும். நேசம் அக்காவின் கமராவையும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நேசம் அக்கா என் கடைக்கு எதிரே உள்ள தொடர்மாடியில் மூன்றாவது மாடியில் இருந்தார். கணவர் இறந்த பிறகு இரண்டு பையன்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மூத்தவனை முந்தின வருடம் கொட்டாஞ்சேனையில், பட்டப்பகலில், இலக்கத்தகடு இல்லாத ஒரு வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் சொல்வது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. அப்படிப் போனவர்கள் பலர். நான் அதைப் பற்றி ஒருவரோடும் கதைப்பதில்லை. எனக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது.

இளையவன் ஆனந்தன் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்காகத்தான் அக்கா அந்தக் கமராவை வாங்கினார். கணினியோடு பூட்டுகிற சின்னக் கமரா. பல்கனிக் கம்பியில் கட்டி, என் கடைக்கும் தொடர்மாடிக்கும் நடுவே போகும் ஒழுங்கையைப் பார்க்க வைத்திருந்தார்கள். கீழே எது அசைந்தாலும் கணினியில் பதிவாகும்.

"மூத்தவனைக் கொண்டு போகேக்கை ஆர் கண்டதெண்டு பொலிஸ் கேட்டது, தம்பி. சனம் நிறைஞ்ச ரோட்டு. ஒருத்தரும் காணேல்லையாம்," என்றார் அக்கா. "இந்த முறை காண ஏதாவது ஒண்டு இருக்கவேணும்."

கமரா கொஞ்ச நேரம் வேலை செய்யும். பிறகு அப்படி ஒன்று பூட்டியிருப்பதே கணினிக்குத் தெரியாது. வயரைக் கழற்றிக் குத்தினால் திரும்பவும் வரும், திரும்பவும் போகும். வயரை மாற்றினேன். துளையைத் துடைத்தேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். சரிவரவில்லை. கடைசியில் கோளாறு இயங்குதளத்தின் மின்சேமிப்பில் இருப்பதைப் பிடித்தேன். ஒருவரும் மவுஸைத் தொடாமல் விட்டால் அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூஎஸ்பி வழிகளை உறங்க வைத்துவிடும். எழும்பும்போது கமராவைக் கண்டுகொள்ளாது. உறங்க வைக்கலாம் என்று அனுமதி கொடுக்க ஒரு சின்னக் கட்டம் உண்டு, அதில் ஒரு சரி அடையாளம். அதை எடுத்துவிட்டேன். கமரா அதன்பிறகு நிற்கவேயில்லை. அக்கா அன்றைக்கு எனக்குத் தோசை சுட்டுத் தந்தார்.

என் கடைக்கு வந்துபோன ஒரு மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த வருடத் தொடக்கத்தில் பொலிஸ்காரர்கள் ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அடைத்து வைத்திருந்த இடத்துக்கு அவர் வந்தார், என் தொழிலைக் கேட்டார், வெளியே கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டார். நல்ல தமிழ் கதைப்பார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தடவை கடைக்கு வந்து பால் விடாத பிளேன்டி குடிப்பார். நான் வீடு வீடாகப் போகிறவன். எந்த மாடிக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பையன் எங்கே படிக்கிறான் என்று சாதாரணமாகக் கேட்பார். தெரிந்ததைச் சொல்வேன். உதவி செய்த மனிதர் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. என் கடையை அதன்பிறகு யாரும் சோதனை போடவில்லை.

ஒருநாள் காலையில் ஆனந்தன் கடைக்கு வந்தான்.

"அண்ணை, கமரா நல்லா எடுக்குது. உங்கட கடை வாசலும் வடிவாத் தெரியுது."

"அப்பிடியே?"

"ஒரு ஆள் ஒவ்வொரு கிழமையும் வாறார். ஒரு சாமானும் கொண்டு வாறேல்லை, கொண்டு போறதுமில்லை. போன கிழமை வெளியிலை நிண்டு எங்கட மாடியை அண்ணாந்து பாத்தவர். ஆர் அண்ணை அவர்?"

"பழைய கஸ்டமர்," என்றேன்.

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். உங்களுக்கு ஏதும் கரைச்சல் குடுக்கினமோ எண்டு அம்மாதான் பயப்பிடுறா."

அவனுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. அது எனக்கு அப்போதே விளங்கியது. என்றாலும் சந்தேகம் என்பது பிறகும் வரக்கூடியது. படமும் இருந்தது.

அன்று பின்னேரம் வைரஸ் பார்க்கவேண்டும் என்று சொல்லி மேலே போனேன். அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். என் கடை வாசல் தெரிந்த பதிவுகளை அழித்தேன். மின்சேமிப்பின் அந்தச் சின்னக் கட்டத்தில் சரி அடையாளத்தைத் திரும்பவும் போட்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

அந்த மனிதர் அடுத்த முறை வந்தபோது, மேலே ஒரு கமரா இருக்கிறது, பையன் உங்களைக் கவனித்திருக்கிறான், இனிமேல் அது ஒன்றையும் எடுக்காது என்று சொன்னேன். கமராவை நிறுத்தும்படி அவர் என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. பையன் எந்த வழியால், எப்போது வகுப்பு முடிந்து வருவான் என்றும் கேட்கவில்லை. அதை நானாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தார்.

நாலைந்து நாள் கழித்து, பின்னேரம், அந்தப் பல்கனிக்கு நேர் கீழே ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. நான் கடையில்தான் இருந்தேன். "நாகேந்திரம் அண்ணை" என்று ஆனந்தன் ஒரு தடவை கூப்பிட்டான். சொல்டரிங் அயன் என் கையில் சூடாக இருந்தது. அந்த வேலையைப் பாதியில் விட்டால் பலகை பழுதாகிவிடும். நிமிர்ந்து பார்த்தபோது ஒழுங்கையில் அவனுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

நேசம் அக்கா பொலிஸுக்குப் போகுமுன் என்னிடம்தான் ஓடிவந்தார்.

"தம்பி, கமராவைப் பாருங்கோ. அதிலை எல்லாம் இருக்கும்."

இருவரும் கணினிக்கு முன்னால் இருந்தோம். மதியத்துக்குப் பிறகு ஒன்றும் பதிவாகியிருக்கவில்லை. அந்தப் பழைய கோளாறு திரும்பி வந்துவிட்டது என்று விளக்கினேன். அக்கா வயரைக் கழற்றித் திரும்பக் குத்திப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "நீங்கள் என்ன செய்வியள், தம்பி. மிசின்தானே," என்றார்.

புதுக்கடை நீதிமன்றத்தில் ஸாலிஹ் என்ற சட்டத்தரணி அவருக்காக ஆட்கொணர்வு மனுப் போட்டார். கமரா ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்ல என்னையும் கூப்பிட்டார்.

"மிஸ்டர் நாகேந்திரம், ஜட்ஜுக்கு வெளங்குற மாதிரி லேசாச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். மின்சேமிப்பு, யூஎஸ்பி, உறக்கம், எழும்பும்போது கண்டுகொள்ளாமை. அவர் எழுதினார், நான் கையெழுத்து வைத்தேன். அந்தச் சத்தியக் கடதாசியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதில் இல்லாத மிச்சத்தைத்தான் உங்களுக்குச் சொன்னேன். அந்த அடையாளத்தைப் போட்டவன் நான். ஆனந்தன் வரும் வழியைச் சொன்னவனும் நான்.

பிறகு ஒருநாள் அக்கா கமராவைத் திருத்தித் தரச் சொன்னார். "பிள்ளையள் திரும்பி வந்தால் எனக்குத் தெரியவேணும்," என்றார். அடையாளத்தை எடுத்துவிட்டேன். கூலி வாங்கவில்லை. அவர் நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் வெறும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக்கூட இறங்குவதில்லை, நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். சில நேரம் பக்கத்தில் இருந்து நானும் கொஞ்சம் பார்ப்பேன். இந்த ஊரில் அவருக்கு என்னை விட்டால் வேறு யார் துணை?