பாலமாக இருந்தவள்

வந்த செய்திக்குப் பதில் போடாதவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, ஐயா. எழுதத் தெரியாதவர்களை விட்டுவிடலாம். எழுதத் தெரிந்தும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று இருப்பவர்களை என்ன செய்வது? எதிர்முனையில் ஒருவர் காத்துக்கிடக்கிறார் என்ற நினைப்பே இல்லாத ஜென்மங்கள். மாரிவிக் அந்த ரகம். செத்தவளைக் குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தீவில் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடை என்னுடையது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு, ஒருவனுக்கும் பேசத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அப்போது போன் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதற்கும் கடையில் சிக்னல் கிடையாது. படகுத்துறையின் நுனிவரை நடந்து, கடைசிக் கல்லில் ஏறி நின்றால்தான் செய்தி வந்து விழும். மணிலாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் என் போனை வாங்கிக்கொண்டு அந்தக் கல்லில் போய் நிற்பார்கள்.

ரொடெல் பக்கத்துத் தீவுக்காரன். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது தேவாலய வாசலில் மாரிவிக்கைப் பார்த்திருக்கிறான். மற்ற பையன்கள் என்றால் பின்னாலேயே போய்ப் பல்லை இளித்திருப்பார்கள். இவன் என் கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"அக்கா, நேரா போய்ப் பேசினா அவங்க அப்பா மனசு நோகும். நீங்க பாலமா இருப்பீங்களா?"

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நல்ல குடும்பத்துப் பையன் பெண்ணிடம் நேராகப் போகமாட்டான். நடுவில் ஒருத்தி வேண்டும், கொஞ்சம் மூத்தவளாக, வாய் சுத்தமானவளாக. அவளைத்தான் பாலம் என்கிறோம். எனக்குப் பெருமையாக இருந்தது. சரி என்றேன்.

அவன் தைவானில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போனான். அங்கிருந்து வந்த முதல் செய்தி எனக்கு அப்படியே மனப்பாடம். 'அக்கா, சாப்பிட்டீங்களா? உங்க இருமல் இப்ப எப்படி இருக்கு? தொந்தரவு இல்லேன்னா, மாரிவிக் நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.' பாருங்கள், இரண்டு கேள்வி எனக்கு, ஒன்று அவளுக்கு. அதிலும் 'மட்டும்' என்று போட்டிருக்கிறான்.

மாரிவிக்கிடம் காட்டினேன். பச்சை மாங்காயை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்னு போட்டுடுங்கக்கா."

அவ்வளவுதான் அவள் பதில். கடல் தாண்டி ஒருவன் கேட்கிறான், இவளுக்கு மாங்காய் பெரிதாகப் போய்விட்டது. அதை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. துறை நுனியில் நின்று, மாரிவிக் சொன்னதாக, 'இங்கே மழை இறங்கப் பார்க்கிறது, நீங்கள் வேலை முடிந்து நனைந்துகொண்டு போவீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்' என்று எழுதினேன். 'நான் நனையறதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல' என்று உடனே பதில் வந்தது. கடைக்குத் திரும்பி நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவன் ஒருநாளும் வரம்பு மீறவில்லை. என்ன உடுத்தியிருக்கிறாய் என்று கேட்டதில்லை. படம் கேட்டதில்லை. அவளை வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்பதற்கே அனுமதி கேட்டான். மாரிவிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கெல்லாமா அனுமதி? லூசாக்கா அவரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கூப்பிடலாம்' என்று அந்தக் கல்லில் நின்று எழுதி, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன். மீன்காரி சொலேடாட் கூடையோடு போகிறவள் நின்று, "என்ன நெனீட்டா, தினம் சாயங்காலம் கல்லு மேல நின்னு யாரோட குடும்பம் நடத்துற?" என்று கேட்டாள். ஏச்சாகத்தான் கேட்டாள். எனக்கு அது இனித்தது.

வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதிக்கொள்ளப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், பொறாமைதான். வாக்கியம் என்னுடையது, வெட்கம் அவளுடையது. நான் எழுதியதற்கு அவன் உருகி எழுதுவான், அதை வாங்கிப் படித்துவிட்டு அவள் கன்னம் சிவந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். சமைத்தவளை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு இன்னொருத்தி விருந்து சாப்பிட்டால் உங்கள் வயிறு எரியாதா?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவன் எழுதினான்: 'அக்கா, உங்களை ரொம்பச் சிரமப்படுத்திட்டேன். ஊருக்கு வர்ற நண்பர்கிட்ட மாரிவிக்குக்கு ஒரு போன் குடுத்து அனுப்புறேன். இனிமே நீங்க அந்தக் கல்லு வரைக்கும் நடக்க வேண்டாம்.' அதிலும் மரியாதைக்குக் குறைவில்லை. மாரிவிக்கிடம் இதை நான் காட்டவில்லை. 'சரி தம்பி' என்று மட்டும் பதில் போட்டேன்.

அந்த வாரம் புயல் வந்தது. மாரிவிக் என் போனை எடுத்துக்கொண்டு துறை நுனிக்குப் போயிருந்தாள். அலை கொண்டுபோய்விட்டது. ஓய்ந்த பிறகு வலைக்காரர்கள்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் ஜெபத்துக்கும் நான்தான் சமைத்தேன். அவள் அப்பா இசிட்ரோ அண்ணன் ஒரு வாய் சாப்பிடமாட்டேன் என்றார், ஊட்டிவிட்டேன். "அந்தப் பையனுக்குச் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். சொல்லியாயிற்று, பதிலே இல்லை என்றேன். மனிதர் அதற்குமேல் அவன் பெயரை எடுக்கவில்லை.

ரொடெலின் எண் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பெரிய தீவுக்குப் போய் வேறொரு போன் வாங்கி எழுதினேன்: 'நான் மாரிவிக். அப்பா போன் வாங்கித் தந்துவிட்டார், நீங்கள் அனுப்ப வேண்டாம்.' நம்பினான். பேச வேண்டாம், எழுதினால் போதும், பேச்சில் மரியாதை நழுவிவிடும் என்றேன். அதற்கும் சம்மதித்தான். அதன்பிறகு வந்த மாதங்களைப் போல நான் வாழ்ந்ததில்லை, ஐயா. இரண்டு பக்கத்திலும் நாங்கள் மட்டும்தான். ஒன்றே ஒன்றுதான் குறை. நெனீட்டா அக்காவின் இருமல் எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேட்பான். தேவலை என்று எழுதுவேன்.

கல்யாணப் பேச்சை அவன் எடுக்கும்போதெல்லாம் தள்ளிப்போட்டேன். அங்கேதான் கணக்குத் தப்பியது. பெரியவர்கள் வந்து முறையாகக் கேட்காததால்தான் இவள் தயங்குகிறாள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். நல்ல வளர்ப்பு. சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் வந்து, அப்பா அம்மாவையும் முழுசாகச் சுட்ட ஒரு பன்றியையும் படகில் ஏற்றிக்கொண்டு எங்கள் துறையில் இறங்கிவிட்டான். நேராக என் கடைக்குத்தான் வந்தான். பெண் கேட்கப் போகும்போது பாலமானவள் முன்னால் நடக்க வேண்டுமே.

ஓடியிருக்கலாம் என்கிறீர்கள். எதற்கு ஓட வேண்டும்? நல்ல கவுனை மாட்டிக்கொண்டு தலை வாரினேன். அவள் போய்விட்டது தெரிந்தால் முதலில் அழுவான். பிறகு, இத்தனை மாதம் எழுதியது யார் என்று கேட்பான். நான் சொல்வேன். அவனுக்குப் புரியும். அப்படித்தான் நினைத்தேன். அவர்களுக்கு முன்னால் நடந்தேன்.

இசிட்ரோ அண்ணன் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முகம் கொடுக்கவில்லை என்றாலும் வீட்டுக்கு வந்தவர்களை உட்கார வைத்தார். ரொடெலின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பொண்ணக் கூப்பிடுங்கண்ணே. எங்க மருமகளக் கண்ணாலயாவது பாக்குறோம்."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொடெலைப் பார்த்துப் பேசினார்.

"இத்தன நாள் கழிச்சு வந்து என்னடா வேடிக்க பண்றீங்க? நீ கூப்பிடுவேன்னு சொன்னதாலதானே எம்பொண்ணு அந்தப் புயல்ல நுனிக்குப் போனா. அலை அடிச்சிட்டுப் போச்சேடா."

ரொடெல் எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் கூப்பிடுறேன்னு சொல்லவே இல்லையேப்பா. நேத்து சாயங்காலம்கூட அவ எனக்கு எழுதினாளே."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான்தான் எழுதினேன், ரொடெல்" என்றேன். அவனிடம் அக்காவாக இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று காலையே வானொலியில் எச்சரித்துவிட்டார்கள். படகுகளை எல்லாம் மேட்டுக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடல் துறையைத் தாண்டி அடித்ததை நான் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டுத்தான் மாரிவிக்கைக் கூப்பிட்டு, ரொடெல் இன்று உன்னோடு நேராகப் பேச ஆசைப்படுகிறான், நாலு மணிக்குக் கூப்பிடுவான் என்று போனைக் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் சொல்லிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். குரலைத்தானே கேட்கப் போகிறான், சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள். துறை ஆரம்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அலை ரொம்ப ஏறுதே. நாளைக்குக் கூப்பிடச் சொல்லலாமா?"

"பாவம், அவ்வளவு தூரத்துல காத்துக்கிட்டிருப்பான். நுனி வரைக்கும் போனாத்தான் கிடைக்கும், உனக்குத் தெரியும்ல?"

போனாள். கடைசிக் கல்லில் ஏறிப் போனைக் காதில் வைத்தாள். நான் கடைப் பலகையை இறக்கி உள்ளே கொண்டி போட்டேன். மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

ரொடெல் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுததை, என்னைக் கூட்டிப்போக வந்தபோது நீங்களும் பார்த்தீர்கள், ஐயா. அவன் அம்மா தூக்கிவிடப் பார்த்தும் எழவில்லை. மாரிவிக், மாரிவிக் என்று அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு பெயர் தெரியாது, பாவம். ஒரு திருவிழாவில் தூரத்தில் நின்று பார்த்த பெண்ணுக்காக யாராவது அப்படி அழுவார்களா? அவன் அழுதது எனக்காகத்தான்.