உறவுமுறை: பாய்லர் கூட்டாளி

ஹலோ... ஹலோ, சேமநிதி ஆபீஸா... ஆமா, ஆமா, காலையில பேசினவன்தான். நடுவுல லைன் அறுந்துபோச்சு... இல்லீங்க, நான் வைக்கல... சரி, யாரோ வச்சாங்க. இப்ப அதிகாரியே பேசறீங்களா? நல்லதாப்போச்சு.

சார், விஷயத்துக்குப் போறதுக்கு முன்னாடி, இங்க யார் யார் இருக்காங்கன்னு சொல்லிடறேன். குறிச்சுக்குங்க... சரி, குறிக்க வேணாம், காதுலயாவது வாங்கிக்குங்க. இடம், ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்க அறை. போன் மேசையில நான். பேப்பர் மில்லுல முப்பத்தோரு வருஷம் பாய்லர்மேன், சங்கத்துல கூட்டக் குறிப்பு எழுதறவன். எனக்கு எதிர்ல, கைப்பிடி போன நாற்காலியில, செத்துப்போன என் கூட்டாளியோட மனைவி. பீரோ பக்கத்து பெஞ்சுல என் வீட்டுக்காரி, கையில பசை பாட்டில். வாசப்படியில ஃபிட்டர், சைக்கிள் சாவியோட... அவருக்குக் காது மந்தம் சார். நீங்க என்ன சொன்னாலும் அவர் மனசு நோகாது.

... பழக்கம்தான். யாரு எங்க உக்காந்தாங்கன்னு எழுதிட்டுத்தான் மத்ததை எழுதுவேன். 'நான் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்ல'ன்னு பின்னாடி ஒருத்தன் சொல்லுவான். 'ஜன்னல் ஓரமா மூணாவது ஆளா உக்காந்து பல்லு குத்திட்டிருந்தியே'ன்னா வாயை மூடிக்குவான்... சிரிங்க, சிரிங்க. இதுக்கு அப்புறமா வரேன்.

ஆமா... ஆமா, உங்க கடிதம் வந்துச்சு. ரெண்டு கடிதம். அந்தம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவங்களுக்கு வந்ததுல, 'தாங்கள் எமது பதிவேட்டில் வாரிசாகக் காணப்படவில்லை'. எனக்கு வந்ததுல, 'தாங்களே வாரிசு, கையொப்பமிட்டு அனுப்பவும்'. நாப்பத்திரண்டு வருஷம் அவனோட குடும்பம் நடத்துனவங்க யாரோ. கூட நின்னு கரி தள்ளுன நான் வாரிசு. படிச்சிட்டு என் வீட்டுக்காரி கேட்டா, 'அப்ப நான் யாரு'ன்னு.

... அவனோட வாரிசுப் பாரத்துல என் பேருதான் இருக்கு. நான் இல்லேன்னு சொன்னேனா? உறவுமுறைங்கிற இடத்துல 'பாய்லர் கூட்டாளி'ன்னு இருக்கும். கையெழுத்து அவனது. எழுத்து என்னது. அவனுக்கு எழுத்து கோணும், நான்தான் எழுதிக் குடுத்தேன்.

... ஏன்னு கேக்கறீங்கல்ல, அதைக் கேளுங்க மொதல்ல. அந்தக் காலத்துல இறப்புப் பணத்தை மில்லுக்குள்ள இருந்த உங்க ஆபீசுலதான் குடுப்பாங்க. பொம்பளைங்களை வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ள விடமாட்டான். சுமை தூக்கற விஞ்சு ஓட்டினவரு செத்தப்ப, அவர் சம்சாரம் இடுப்புல குழந்தையோட ஒம்பது நாள் வெளியில நின்னாங்க சார். ஒம்பது நாள். நாங்க ஷிப்டுக்குப் போறப்பவும் வர்றப்பவும் அவங்க முகத்தைப் பாத்துட்டே போகணும். அதனால பாய்லர் ஆளுங்க பதினாலு பேரும் உக்காந்து முடிவு பண்ணினோம். ஆளாளுக்கு ஷிப்டுக் கூட்டாளி பேரை எழுதறது. அவன்கிட்ட கேட் பாஸ் இருக்கு, உள்ள போய் வாங்கி, வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துடுவான்.

... ஆபீசுக்குத் தெரியாதுங்கிறீங்க. ம். தெரியாது. சொல்லுங்க, முழுசாச் சொல்லிடுங்க... சரி, சொல்லி முடிச்சாச்சா? இப்ப நான் படிக்கிறேன். குறிப்பேடு முன்னாலயே இருக்கு. அட்டையில எண்ணெய்க் கறை, உள்ள எழுத்து முத்து மாதிரி இருக்கு. கேளுங்க.

'இடம்: பாய்லர் அறையின் பின்கட்டு. வந்திருந்தோர்: தொழிலாளர் பதினான்கு பேர், இரு பெஞ்சுகளில். தொழிலாளர் நல அலுவலர், கதவருகே, கவிழ்த்த எண்ணெய்ப் பீப்பாயின் மீது கைக்குட்டை விரித்து அமர்ந்திருந்தார்.' ... இருங்க சார், இன்னும் இருக்கு. 'தீர்மானம்: பெண்கள் வாயிலுக்குள் அனுமதிக்கப்படாமையால் ஒவ்வொருவரும் தம் கூட்டாளியின் பெயரைப் பாரத்தில் எழுதுவது. கூட்டாளி தொகையைப் பெற்று வருபவர் மட்டுமே. வாரிசு, மனைவியே. நல அலுவலர் ஆட்சேபம் இல்லை என்று கூறிக் கையொப்பமிட்டார்.'

ஹலோ... லைன்ல இருக்கீங்களா?

... ஆமா, கையெழுத்து இருக்கு. உங்க ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கு. கைக்குட்டை என்ன நிறம்னு எழுதாம விட்டுட்டேன், அது என் தப்புதான்.

... குறிப்பேட்டை அனுப்பறதா? அது இந்த ரூமை விட்டு நகராது. நகல் எடுத்து வச்சிருக்கோம், உங்களுக்கு நாங்க எழுதியிருக்கிற கடிதத்தோட வரும். அசலைப் பாக்கணும்னா நீங்க வாங்க. உக்கார நல்ல நாற்காலி போடறேன், எங்க உக்காந்தீங்கன்னும் எழுதறேன்.

... என்னது? ... ம்... ம்... மெதுவாச் சொல்லுங்க. ... நான் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி, அவங்க கையில குடுத்துடறதா. காதும் காதும் வச்ச மாதிரி. ... சரி, மாசாமாசம் வர்ற குடும்ப ஓய்வூதியம்? வைத்திய அட்டை? ... பாத்தீங்களா, அங்க வந்ததும் இழுக்கறீங்க. நான்தான் வாரிசுன்னு ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டா, அந்தம்மா ஆயுசுக்கும் யாரோதான். அதுக்கு என் கையாலயே முத்திரை குத்தச் சொல்றீங்க.

... இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ளயா. ... போடலேன்னா கோப்பை மூடிடுவீங்க. மொத்தப் பணமும் கிடையாதா? ... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் இருங்க சார்.

தங்கச்சி, விஷயம் இதுதான். இன்னைக்கு நான் கையெழுத்துப் போடலேன்னா ஒண்ணுமே வராதுங்கிறார். போட்டா மொத்தப் பணம் மட்டும் வரும், மாசப் பணம் போச்சு. எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. இது உங்க வயிறு, என் வீராப்புக்காக நீங்க பட்டினி கிடக்க வேணாம். நீங்க போடுன்னா போட்டுடறேன்... ம்... ம்... சரி. இன்னொரு தடவை சொல்லுங்க, அப்படியே சொல்லிடறேன்.

ஹலோ... இருக்கீங்களா? அவங்க சொன்னதை ஒரு சொல்லு மாத்தாமச் சொல்றேன். 'ஆஸ்பத்திரியில அவரைச் சேக்கும்போது உறவு என்னன்னு கேட்டாங்க, மனைவின்னேன். பொணத்தை வாங்கும்போது கேட்டாங்க, மனைவின்னேன். அங்கெல்லாம் எவனும் சாட்சி கேக்கல. தூக்கறதுக்கு மட்டும் மனைவி, வாங்கறதுக்கு யாரோன்னா, அந்தப் பணம் அங்கேயே இருக்கட்டும். நான் மனைவின்னு எழுதி வரணும்.' ... கேட்டீங்கல்ல? நான் கொஞ்சம் ஆடிட்டேன் சார், ஒத்துக்கறேன். அவங்க ஆடல.

... தம்பி, குரலை உசத்தாதீங்க. பாய்லர் பக்கத்துல முப்பத்தோரு வருஷம் நின்ன காது இது, சத்தத்துக்கெல்லாம் அசையாது.

... இவங்க ஒருத்தருக்கு மட்டும் ஏதாவது ஏற்பாடா? அதான் முடியாது. பதினாலு பேர்ல எட்டு பேர் போயாச்சு. முன்னாடி இருந்த அதிகாரி ஏழு அம்மாக்களை இதே கடிதம் குடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கார். மூணு பேருக்குக் கூட்டாளியும் உயிரோட இல்ல, யாருக்கு எழுதுவீங்க? வீடு வீடாப் போய்ப் பாத்துட்டோம். எல்லாருக்கும் சேத்து ஒரே கடிதமா எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு.

... அனுப்புநர் நான் இல்லீங்க. நான் எழுதினவன் மட்டும். அனுப்பறது ஒம்பது பேர். ... எட்டுன்னு சொன்னேன், சரிதான். எட்டு பேர் புருஷன் இல்லாதவங்க. ஒம்பதாவது என் வீட்டுக்காரி.

... உயிரோடதான் இருக்கேன், உங்ககிட்டதானே பேசிட்டிருக்கேன். என் பாரத்துல யாரு பேரு இருக்குன்னு எடுத்துப் பாருங்க... ஆமா, அவன் பேருதான். செத்தவன் பேரு. ... மாத்திக்கலாம், தெரியும். இன்னைக்கே வந்து மாத்தலாம். மாத்தமாட்டேன். நான் மட்டும் மாத்திட்டு நகர்ந்தா, அன்னைக்குப் பதினாலு பேரும் எழுதினது தப்புன்னு ஆயிடும். எல்லாருக்கும் சேத்துச் சரி பண்ணுங்க, அதுல என்னுதும் சரியாகட்டும்.

எங்க கூட்டாளிக்கு மில்லுல 'கால்மணி'ன்னு பேரு. எந்த ஷிப்டுக்கும் கால்மணி நேரம் முன்னாடியே வந்து நிப்பான், அடுத்தவன் நேரத்துக்கு வீட்டுக்குப் போகட்டும்னு. என் வீட்டுக்காரி அவன்கிட்ட கத்துக்கிட்டா போல. விதவைங்க கடிதத்துல அவளும் கையெழுத்துப் போட்டிருக்கா. கால்மணி முன்னாடியே.

... அனுப்பாதீங்கன்னா எப்படி? ... பத்து நாள்ல மேலிடத்துக்கு எழுதறீங்களா? சந்தோஷம். எழுதுங்க. எங்க கடிதமும் அதுவரைக்கும் சும்மா இருக்காது.

கொஞ்சம் இருங்க. ஒட்டிட்டியா? ஓரத்தை அழுத்து, பசை காயட்டும்... போதும், போதும். தங்கச்சி, நீங்களே எந்திரிச்சுக் குடுங்க, உங்க கையால போகட்டும். ஃபிட்டரே... ஃபிட்டரே, பதிவுத் தபால். ஒப்புகை அட்டையோட. மூணு மணிக்கு ஜன்னலை மூடிடுவான்... ஆமா, பதிவு. ரசீது வாங்காம வந்தா உள்ள விடமாட்டேன்.

ஹலோ சார், சைக்கிள் மணி கேட்டுச்சா? அது கிளம்பிடுச்சு. இனிமே பேசறதா இருந்தா, எழுதிப் பேசுங்க... ஹலோ... ஹலோ...

வச்சுட்டார். பரவாயில்ல, குறிப்பேட்டை இப்படித் தள்ளு. 'அலுவலர் பாதியில் எழுந்து சென்றார். கடிதம் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது.'