ஊர்சுலாவைப் பற்றி சில்வோ சொன்னது

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் ரத்கோவின் மைத்துனன் சில்வோவுக்கு நடந்தது இது.

அக்டோபர் கடைசி. மாலை ஆறரை மணி. கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒற்றைப் பாதையில் சில்வோ தனியாக வந்துகொண்டிருந்தான்.

குன்றின் மேலிருக்கும் அந்தச் சின்னக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதுதான் அவன் வேலை. யாரோ கட்டினார்கள், எரிந்தது, மறுபடி கட்டினார்கள்... அவ்வளவுதான் வரலாறு. கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால் அவனே ஒரு கதை கட்டினான். பிரபுவின் மனைவி ஊர்சுலா, பீப்பாய் செய்கிறவனோடு கள்ள உறவு வைத்திருந்தாள். பிரபு அவளை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்.

"தட்டிப் பாருங்க. பீப்பாக்காரன்னு நெனச்சுப் பதில் சொல்லுவா!" என்று கண்ணடிப்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பெயரை மட்டும் கீழே கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் பார்த்து எடுத்திருந்தான். இருபத்திரண்டு வயதில் பிரசவத்தில் போனவள். பிள்ளையும் அவளோடு அதே குழியில்.

பாதித் தூரம் இறங்கியிருப்பான்... முன்னால் ஒரு பெண். வெறுங்கால். சரளைக் கல்லில் சத்தமே இல்லை. புளித்த பால் வாடை.

"என்னம்மா, கடைசி பஸ்ஸும் போயிடுச்சே. எங்க போகணும்?"

"வீட்டுக்குத்தான். உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"யாரு?"

"மாமியார்... அவரு... எல்லாரும். யாரோட பிள்ளைன்னு கேக்குறாங்க. நீங்கதான் ஊருக்கெல்லாம் சொல்றீங்களே." குரலில் கோபமே இல்லை. "ஒரு வார்த்தை வந்து சொல்லிடுங்கண்ணா."

சில்வோ ஓடினான். பயந்துதான் ஓடினான். ஆனால் அந்த 'அண்ணா'வில் அவன் முகம் தீயாய் எரிந்தது.

மறுநாள் கூட்டத்தின் முன் தொப்பியைக் கழற்றினான்.

"அது நான் கட்டின பொய்ங்க. அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல."

உடனே கைதட்டல். "மனுஷன் என்னமா நடிக்கிறாரு!" வரிசையில் நின்று சுவரைத் தட்டினார்கள். டொக்... டொக்... அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவளிடமே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மாலையில் கல்லறைக்குப் போனான். கோயில் மணியடிக்கும் பெரியவர், போகுமில் என்று பெயர், அங்கே குனிந்து நின்றிருந்தார்.

"நரி வேலையாடா இது?"

ஊர்சுலாவின் கல்லுக்கு அடியில் ஓர் ஓட்டை. இரண்டு கை அகலம். நகக் கீறல் இல்லை. புல் வேரோடு மேல்நோக்கி மடிந்திருந்தது... உள்ளேயிருந்து எதையோ வெளியே தள்ளியதுபோல.

சில்வோ மண் போட்டு மூடினான். காலையில் திறந்திருந்தது. இப்போதும் தினமும் மூடுகிறான்... யாரிடமும் காரணம் சொல்வதில்லை.

ஓட்டையிலிருந்து பனிப்புல்லில் ஒரு தடம் போகிறது. சின்னதாக, தவழத் தெரியாத பிள்ளை வயிற்றை இழுத்துக்கொண்டு போனதுபோல. நாளுக்கு ஒரு முழம் நீளுகிறது... சில்வோவின் வீட்டுப் பக்கமாக.