மூடிய அறையில் றிஸ்லா சொன்னது

நான் யாரையும் சத்தம் போட்டு ஏசாதவன், ஐயா. எங்கள் உயர்கல்வி நிறுவனத்தின் வாசற்காவலாளியிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். விரிவுரையாளர்கள் பாடத்திட்டத்தை நேரத்துக்குத் தராவிட்டால் சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை போய்க் கேட்பேன். தர உறுதிப் பிரிவுக்கு என்னை இணைப்பாளராகப் போட்டதே அதனால்தான். அந்த வேலையில் எல்லாரையும் நச்சரிக்க வேண்டும், ஆனால் யாருடைய மனமும் நோகக்கூடாது.

நீங்கள் மெஷின்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். யாரோ எங்கள் மேல் முறைப்பாடு எழுதிப் பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது சரி. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்துக்கு நாங்கள் அங்கீகாரம் கேட்டபோது எங்களிடம் சில நுணுக்குக்காட்டிகளும் சத்தம் போடுகிற ஒரு குளிர்சாதனப் பெட்டியும்தான் இருந்தன. மீளாய்வுக் குழு வருவதற்கு முதல் நாள் இரத்தப் பரிசோதனை மெஷின்களைக் கொழும்பிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கினோம். குழு கல்முனையை விட்டுப் போனதும் அதே லொறியில் திருப்பி ஏற்றினோம். பணிப்பாளருக்கு எல்லாம் தெரியும், ஆனால் யோசனை என்னுடையது. இதற்கு என் வேலை போகும். போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மெஷின் கதைக்கு மட்டும் கையெழுத்து வைத்தால், ஏதோ மனம் திருந்தியவன் போல் ஆகிவிடுவேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மீளாய்வுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைத் தனியாகச் சந்திப்பது வழக்கம். அந்த நேரம் எங்கள் ஆட்கள் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. கதவைச் சாத்திவிடுவார்கள். பிள்ளைகள் பயமில்லாமல் கதைக்க வேண்டும், யார் என்ன சொன்னது என்பது வெளியே வரக்கூடாது. இந்த விதியைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தியவன் நான்தான். உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நானே விளங்கப்படுத்தினேன். மெஷின்கள் வந்து ஒரு வருடமாகிறது, கிழமைதோறும் செய்முறை நடக்கிறது என்று சொல்லவேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். றிஸ்லா மட்டும் ஆட்டவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை.

றிஸ்லா, அப்துல் ஸமட் காக்காவின் மூத்த மகள். காக்கா என்று கூப்பிட்டாலும் எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர், பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவார். காக்கா போகத்துக்குப் போகம் கொஞ்சம் கொஞ்சமாக மகளுக்கு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். மகளுக்கு வேறு கவலை இருந்தது. ஒருநாள் என் விரிவுரை முடிந்து எழும்பி நின்று கேட்டாள்.

"சேர், மெஷினப் புத்தகத்துலதான் பாக்கிறம். நாளைக்கி ஆஸ்பத்திரில ஒரு ஆள்ட ரத்தத்தப் பிழையாச் சொல்லிட்டா என்ன செய்யிற?"

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

குழு வந்த அன்று பிள்ளைகள் உள்ளே போனார்கள், கதைத்தார்கள், ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். றிஸ்லா வரவில்லை. அரைமணி நேரம் கழித்து வந்தபோது என்னைப் பார்க்காமல் சால்வையைச் சரிசெய்துகொண்டு போனாள். பிறகு வந்த வரைவு அறிக்கையில் பெயர் ஒன்றும் இல்லை. உபகரணங்கள் நிரந்தரமானவையா என்பதில் சந்தேகம் இருக்கிறது, மாணவர்களிடம் மறுபடியும் இணையவழியில் கேட்போம் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

கோபம் வரவில்லை, ஐயா. பயம் வந்தது. அங்கீகாரம் கட்டாயம் வரும் என்று சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்திருந்தோம். வராவிட்டால் அவ்வளவு பேரும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மறுநாள் றிஸ்லாவைக் கண்டபோது வழக்கம்போல சுகம் விசாரித்தேன். அவளும் சிரித்தாள். தன் பெயர் வெளியே வராது என்று நம்பியிருந்தாள், நான் சொல்லிக் கொடுத்த விதிதானே.

அவளைப் பற்றிச் சொல்ல நான் யாரையும் தேடிப் போகவில்லை. இதை இத்தனை நாளும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். தேடி வந்தவர் இஹ்ஸான் ஹாஜியார், கல்முனையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவருடைய சகோதரியின் மகனுக்கு றிஸ்லாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியாணம் பேசினால் பெண் படிக்கிற இடத்தில் பொறுப்பான ஒருவரிடம் காதோடு காதாக விசாரிப்பார்கள். அந்தப் பொறுப்பானவன் நான். பின்னேரம் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது என் தோளில் கை போட்டார்.

"புள்ள எப்பிடி முஸ்தாக் சேர்? ஒங்கட கண்ணுக்கு முன்னாலதானே படிக்கிது."

"கெட்டிக்காரப் புள்ள ஹாஜியார். மார்க்ஸெல்லாம் நல்லம்."

"படிப்பக் கேக்கல்ல. பழக்கவழக்கம்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக மாட்டினேன்.

"அதெல்லாம் நமக்கெதுக்கு" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "சொல்லுங்க சேர். நாளைக்கி நம்மட புள்ளட வாழ்க்க."

"வெளியூர்ல இரிந்து மீளாய்வுக்கு ஆக்கள் வந்தாங்க. மத்தப் புள்ளையெல்லாம் வெளிய வந்திட்டு. இவ மட்டும் உள்ளுக்கு நிண்டா. கதவு சாத்தித்தான் இரிந்திச்சு."

"வந்த ஆக்கள் ஆம்புளயளா?"

"ரெண்டு ஆம்புளயள் வந்தாங்க. படிச்ச மனிசர்தான். கெட்டதா ஒண்டும் நடந்திரிக்காது ஹாஜியார்."

கடைசி வசனத்தைச் சொல்லியிராவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகம் உறுதிப்பட்டிருக்காது. எனக்கு அது அப்போதே தெரியும். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மார்க்கப்பற்றுள்ள மனிசன் நீங்கள் என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் பேச்சை நிறுத்தினார்கள். காரணம் மட்டும் தனியாக ஊரைச் சுற்றிவிட்டு அப்துல் ஸமட் காக்காவின் காதுக்கு வந்து சேர்ந்தது. ஏசவோ அடிக்கவோ தெரியாத மனிசன் அவர். படித்தது போதும் என்று மட்டும் சொல்லி மகளை நிறுத்திக்கொண்டார்.

அவள் ஒருதடவை தாயோடு என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி நஸீறா கதிரை போட்டாள், றிஸ்லா அதில் இருக்கவில்லை.

"சேர், ஆரோ என்னப் பத்தி இல்லாததக் கதைச்சிரிக்காங்க. வாப்பா என்னோட மொகம் குடுத்துக் கதைக்கிறாரில்ல. நீங்க ஒருக்கா வந்து சொல்லுங்க, அண்டைக்கி என்ன நடந்தெண்டு ஒங்களுக்குத் தெரியுந்தானே. ஒங்கட சொல்லெண்டா அவர் கேப்பார்."

அவளுக்கு என் மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. "பாப்பம் மகள். கவலப்படாதங்க" என்றேன். அவர்கள் போன பிறகு நஸீறா கேட்டாள், எப்போது போகப் போகிறீர்கள் என்று. வெள்ளிக்கிழமை என்றேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விட்டது.

குழு இணையவழியில் மறுபடியும் கேட்டபோது றிஸ்லா பட்டியலில் இல்லை. குடும்பக் காரணங்களால் விலகிவிட்டாள் என்று அறிவித்தேன். மற்றப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தபடி சொன்னார்கள். அங்கீகாரம் வந்தது, கேக் வெட்டினோம். பணிப்பாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

றிஸ்லாவுக்கென்று எழுப்பிய வீட்டை அவளுடைய தங்கச்சி அம்ஹாவின் பெயருக்கு எழுதி அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூத்தவள் அதே வீட்டில் பின்னறையில் இருக்கிறாள். தங்கச்சியின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. அப்துல் ஸமட் காக்கா இன்றும் எனக்கு ஸலாம் சொல்கிறார். அவர் என் பக்கத்தில் வந்து நின்றால் நான் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய மறந்தவன் போல எழும்பிப் போய், திரும்பி வந்து பின்வரிசையில் நிற்பேன். அவரோடு தோள்பட்டு நிற்க எனக்கு வெட்கம்.

ஹாஜியாரிடம் நான் பொய் சொல்லவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது உண்மை, இரண்டு ஆண்கள் வந்ததும் உண்மை. அந்தக் குழுவின் தலைவர் பேராசிரியர் மீனாம்பிகை. மற்றப் பிள்ளைகள் வெளியே வந்தபோது, இந்தப் பிள்ளை ஒரு பெண்ணோடு மட்டும் தனியாகக் கதைக்க விரும்புகிறாள் என்று அந்த இரண்டு ஆண்களையும் அவர்தான் வெளியே அனுப்பினார். அந்த அரைமணி நேரமும் றிஸ்லாவோடு உள்ளே இருந்தது அந்த அம்மா ஒருவர்தான். ஆண்கள் இருவரும் வராந்தாவில் என்னோடு இருந்தார்கள். நல்ல கருவாடு எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள், நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெஷின் விஷயத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஐயா. இதை மட்டும் எழுத வேண்டாம். என் மூத்த மகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம், மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வருவார்கள்.