பின்வளைவு

குளிர்ந்த உடம்பை வளைக்கக் கூடாது. முதலில் பத்து நிமிடம் கயிறு தாண்ட வேண்டும். உடம்பு சூடேறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை, மேடம். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை. எலும்பும் தசையும் எனக்குத் தெரியும்.

என் மகளுக்குப் பதினொரு வயது. ஐஸ் ஸ்கேட்டிங்கில் ஒரு சுழற்சி உண்டு. ஒற்றைக் காலில் சுழன்றபடியே மற்றக் காலைப் பின்பக்கமாகப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அவளுக்குத் தோள்வரைதான் வந்தது. "விடுங்க, வளர வளர தானா வரும்" என்றார் கோச். அவருக்கென்ன, இருபது பிள்ளைகள். எனக்கு ஒன்றுதான்.

தினமும் பள்ளிக்கு முன் ஹாலில் குப்புறப் படுப்பாள். இடுப்பில் என் முழங்காலை ஊன்றிக் காலைத் தூக்குவேன். "போதும்மா" என்பாள். "இன்னும் பத்து எண்ணு, கண்ணு." எண்ணுவாள். ஏழுக்கு மேல் குரல் வராது. மீதியை நான் எண்ணுவேன்.

வகுப்பில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தேன். முதுகெலும்பின் அடியில் முடியளவு விரிசல்.

"மூணு மாசம் ஐஸ் பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"தசைப்பிடிப்புதான்" என்றேன். எக்ஸ்ரேயைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். சத்து மாத்திரை என்று சொல்லி அவளுக்கு வலி மாத்திரை கொடுத்தேன். வலி அடங்கியதும் உடம்பு வழிக்கு வந்தது. நாலாவது வாரம் கால் தலைக்கு மேலே போனது. "அம்மா, வந்துடுச்சு பாரும்மா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் இந்த வாக்குமூலத்தில் எழுதப்போவதில்லை.

போட்டியில் ஐந்து சுற்று சுழன்றாள். பிறகு விழுந்தாள். அழவில்லை. ஓடிப்போய், "எழுந்திரு கண்ணு" என்றேன்.

"என் கால் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

விரிசல் விட்ட எலும்பு நழுவி நரம்பை நசுக்கிவிட்டதாம். இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள். எக்ஸ்ரே கையில் கிடைத்த பிறகுதான் கணவர் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உணர்வில்லாத காலைத் தினமும் மடக்கி நீட்டாவிட்டால் இறுகிவிடும். நேற்று வரை நான்தான் செய்தேன். இனி அறைக்குள் விடமாட்டேன் என்கிறார் அவர். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். அவள் உடம்பு என் கைக்குத்தான் பழகியிருக்கிறது. நேற்று நான் தொட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் கூசியிருக்கும்.